அப்பாவின் இரண்டு கண்ணுக்கும் இரண்டு விதமான கிளாகோமா ஆபரேஷன் சொல்கிறார்கள், ஏன்?

தல்லாகுளத்தான் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் கிளாகோமா (கண்ணின் உள்ளே பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்), இப்போது கண்புரையும் சேர்ந்துவிட்டது. ராத்திரி லட்டானோபிராஸ்ட், காலையும் மாலையும் பிரிமோனிடின் என்று சொட்டு மருந்து போடுகிறார். பிரிமோனிடின் ஒத்துக்கொள்ளாமல் கண் எந்நேரமும் சிவந்தே இருக்கிறது. ஆஸ்துமா இருப்பதால் டிமோலால் கொடுக்க முடியாது என்றார்கள். டோர்சோலமைடு எழுதிக் கொடுத்தார்கள், எரிச்சல் தாங்கவில்லை என்று அவரே நிறுத்திவிட்டார்.

இத்தனை மருந்தோடும் வலது கண் பிரஷர் 19, இடது கண் 23. பார்வைப் பரப்பு எவ்வளவு என்று பார்க்கும் ஃபீல்ட் டெஸ்டில் வலது கண்ணில் ஓரத்தில் லேசாகப் போயிருக்கிறது. இடது கண்ணில் நடுப்பகுதி மட்டும்தான் மிச்சம், நரம்பின் கப் (நரம்பின் நடுக்குழி, 1-ஐ நெருங்க நெருங்க மோசம்) 0.9 என்று எழுதியிருக்கிறார்கள்.

டாக்டர் சொன்னது இதுதான். வலது கண்ணில் புரை எடுக்கும்போதே மிக்ஸ் (MIGS) என்று ஒரு சின்னக் கிளாகோமா ஆபரேஷனையும் சேர்த்துச் செய்துவிடலாம், தையல் கிடையாது. இடது கண்ணில் புரையோடு டிராபெக்யுலெக்டமி செய்யவேண்டும். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. மோசமாக இருக்கிற கண்ணுக்குத்தானே ஆபத்து குறைந்ததைச் செய்யவேண்டும், அதற்குப் போய் ஏன் பெரிய ஆபரேஷன் என்று சித்தப்பா கேட்கிறார். நான் ஷார்ஜாவில் இருக்கிறேன், போனில் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் சின்ன ஆபரேஷனே செய்யச் சொல்லிக் கேட்கலாமா?

பழையபேட்டை எழுதியது:

தம்பி, டிராபெக் என்றாலே எனக்குப் பயம். அம்மாவுக்குச் செய்தோம். நன்றாகத்தான் நடந்தது, பிரஷர் 11, 12 என்று பல வருடம் அப்படியே நின்றது, சொட்டு மருந்தே இல்லை. அப்புறம் ஒருநாள் காலையில் கண் சிவந்து நீர் வடிந்தது. பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம், மெட்ராஸ் ஐ என்று சொல்லி ட்ராப்ஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டிராபெக் செய்த கண் என்று அம்மா சொல்லியும் அவர்கள் காதில் வாங்கவில்லை. மறுநாள் வலி தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அதற்குள் கிருமி கண்ணுக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். சின்ன ஆபரேஷன் கிடைக்கும் காலத்தில் எதற்கு இந்த ஆபத்து என்பதுதான் என் கேள்வி.

ஆப்டம்_செல்வி எழுதியது:

பழையபேட்டை அண்ணா, அம்மாவுக்கு நடந்தது உண்மையிலேயே நடக்கக்கூடியது, யாரும் அதை லேசாகச் சொல்லக்கூடாது. ஆனால் அதை வைத்து இவருடைய அப்பாவின் இடது கண்ணைப் பற்றி முடிவெடுக்க முடியாது. நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதனை செய்பவள், கிளாகோமா கிளினிக்கில்தான் வேலை, தினமும் இதே கேள்வி வருகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் இல்லை, உள்ளே இருக்கிற நீர். கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற கருவிழியும், அதன் பின்னால் நிறத்திரையாக இருக்கிற ஐரிஸும் சேரும் கோணத்தில் ஒரு சல்லடை மாதிரியான திசு இருக்கிறது, அதன் வழியாக ஷ்லெம் கால்வாய் என்ற மெல்லிய வாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து கண்ணின் மேற்பரப்பில் இருக்கிற ரத்தக்குழாய்களில் கலந்துவிடும். திறந்த கோணக் கிளாகோமாவில் அடைப்பு பெரும்பாலும் அந்தச் சல்லடையில். மிக்ஸ் என்ற பெயரில் செய்யப்படுபவற்றில் பாதிக்கு மேல் அந்தச் சல்லடையைத் தாண்டி நீரைக் கால்வாய்க்குள் விடும் வேலைதான். ஐஸ்டென்ட் என்ற குட்டிக் குழாய் அங்கே ஒரு துளை போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ஹைட்ரஸ் 8 மில்லிமீட்டர் நீளமுள்ள நிட்டினால் கம்பி, கால்வாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கிறது. கஹூக் பிளேடு சல்லடையை ஒரு பட்டையாகச் சீவி எடுத்துவிடுகிறது. காட் என்பதில் ஒரு நூலைக் கால்வாய்க்குள் முழு வட்டமும் ஓட்டி, இழுத்துச் சல்லடையைத் திறந்துவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே எல்லை உண்டு. நீர் போய்ச் சேருவது ரத்தக்குழாயில். அந்தக் குழாயிலேயே 8 முதல் 10 வரை அழுத்தம் இருக்கும். வீட்டுக் குழாயை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் தெருச் சாக்கடையில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குக் கீழே வீட்டுத் தண்ணீர் இறங்காது இல்லையா, அதுதான் கணக்கு. போகிற வழியிலும் கொஞ்சம் தடை இருக்கும். அதனால் மிக்ஸ் செய்த கண்கள் சாதாரணமாக 14, 15, 16 என்று வந்து நிற்கும். சிலருக்கு அதற்குக் கீழேயும் போகும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

டிராபெக் இந்தப் பாதையையே விட்டுவிடுகிறது. கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒரு கதவு வெட்டி, மேல் இமைக்கு அடியில் மெல்லிய சவ்வுக்குக் கீழே நீரைத் தேக்குகிறார்கள். அங்கே ஒரு சின்னக் கொப்பளம் உருவாகும், பிளெப் என்போம். இதற்கு அந்த ரத்தக்குழாய் மட்டம் தடை இல்லை. 10, 11 கூட எட்டலாம். விலையும் அதுதான், மெல்லிய சவ்வு மட்டுமே காவல் என்பதால் கிருமி பயம் ஆயுளுக்கும் உண்டு.

இப்போது அப்பாவின் கண்களைப் பாருங்கள். வலது கண்ணில் சேதம் ஆரம்ப நிலை. 15, 16-க்கு வந்தால் போதும் என்று டாக்டர் நினைத்திருப்பார். இடது கண்ணில் நரம்பு ஏறத்தாழ தீர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற 10, 12 வேண்டும். சித்தப்பா கேட்பது நியாயமான கேள்வி, ஆனால் அந்தக் கண்ணுக்குப் பெரிய ஆபத்து ஆபரேஷனில் இல்லை, 23-லேயே விட்டுவைப்பதில் இருக்கிறது.

கேள்விக்குறி எழுதியது:

செல்வி மேடம் சொன்ன விளக்கம் சரி. ஆனால் வலது கண்ணுக்கு அந்த மிக்ஸ் ஸ்டென்ட் அவசியமா என்று நான் கேட்கிறேன். புரை ஆபரேஷன் மட்டும் செய்தாலே பிரஷர் இறங்கும், இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. ஹைட்ரஸ் கம்பிக்காகச் செய்த ஹொரைஸன் ஆய்வில் இரண்டு வருட முடிவில் கம்பி வைத்தவர்களில் 78 சதவீதம் பேர் சொட்டு மருந்து இல்லாமல் இருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. புரை மட்டும் எடுத்தவர்களில்? 48 சதவீதம். பாதிப் பேருக்குக் கம்பியே இல்லாமல் அந்தப் பலன் கிடைத்திருக்கிறது. ஐஸ்டென்ட் இன்ஜெக்டில் வித்தியாசம் இன்னும் குறைவு, பிரஷர் 20 சதவீதமாவது இறங்கியவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 75.8 சதவீதம், புரை மட்டும் எடுத்தவர்களில் 61.9.

சைபாஸ் கதை தெரியுமா? கண்ணுக்குள் சுவருக்கு அடியில் வைக்கும் இன்னொரு ஸ்டென்ட். 2016 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எல்லாரும் கொண்டாடினார்கள். 5 வருடம் தொடர்ந்து பார்த்தபோது கருவிழியின் உட்புறச் செல்கள் அந்த ஸ்டென்ட் வைத்த கண்களில் 20.5 சதவீதம் குறைந்திருந்தன, புரை மட்டும் எடுத்த கண்களில் 10.1. அந்தச் செல்கள் திரும்ப வளராது. 2018 ஆகஸ்டில் ஆல்கான் நிறுவனமே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இரண்டு வருட ஆய்வை வைத்து உடம்புக்குள் ஆயுளுக்கும் ஒரு பொருளை வைக்கிறோம் என்பதுதான் என் கவலை.

மிசிசாகா_மணி எழுதியது:

நான் வைத்துக்கொண்டவன், அதனால் சொல்கிறேன். இங்கே கனடாவில் இது சகஜம். மிக்ஸ் என்ற பெயரையே வைத்தவர் ஐக் அகமது என்ற டாக்டர், எங்கள் ஊர்ப் பக்கம்தான். எனக்குப் புரை எடுக்கும்போது ஐஸ்டென்ட் இன்ஜெக்ட் வைத்தார்கள், ஒரு கண்ணுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 0.36 மில்லிமீட்டர், அரிசிக் குருணையை விடச் சின்னது. வலி என்று ஒன்றும் இல்லை. சில நாள் மங்கலாக இருந்தது, அவ்வளவுதான்.

முன்பு மூன்று மருந்து போட்டேன், இப்போது ராத்திரி ஒன்று மட்டும். பிரஷர் 15. மருந்து முழுசாக நிற்கவில்லை, ஆனால் எனக்கு இதுவே பெரிய நிம்மதி. கையில் நடுக்கம் உள்ளவன் நான். காலையில் மூன்று பாட்டிலோடு போராடி, பாதி கன்னத்தில் வழிந்து, போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தோடே நாளைத் தொடங்குவது எப்படி இருக்கும் என்று புள்ளிவிவரத்தில் வராது, கேள்விக்குறி.

கேள்விக்குறி எழுதியது:

மணி சார், உங்களுக்குப் பலன் கிடைத்தது சந்தோஷம். அதில் எவ்வளவு ஸ்டென்டால், எவ்வளவு புரை ஆபரேஷனால் என்று உங்கள் ஒரு கண்ணை வைத்துச் சொல்ல முடியாது, அதைத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற கண் டாக்டர் எழுதியது:

இருவரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கேள்விக்குறி சொன்ன எண்கள் சரி, ஆனால் அதே ஹொரைஸன் ஆய்வு 5 வருடம் வரை போயிற்று, அதையும் சொல்லவேண்டும். 5 வருடத்தில் மருந்தில்லாமல் இருந்தவர்கள் கம்பி வைத்தவர்களில் 66 சதவீதம், புரை மட்டும் எடுத்தவர்களில் 46. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. பின்னால் பெரிய கிளாகோமா ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் புரை மட்டும் எடுத்த குழுவில் 6.2 சதவீதம், கம்பி வைத்த குழுவில் 2.4 சதவீதம். பழையபேட்டை பயப்படுகிற ஆபரேஷனிலிருந்து அத்தனை பேர் தப்பித்திருக்கிறார்கள். சைபாஸ் போனது பாடம்தான். ஆனால் அது வைக்கப்பட்ட இடம் வேறு, அதன் நுனி முன்னறைக்குள் (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவில் உள்ள இடம்) நீட்டிக்கொண்டு கருவிழிக்கு அருகில் இருந்தது. எல்லா ஸ்டென்டுக்கும் அந்தத் தீர்ப்பை எழுத முடியாது. எல்லா ஸ்டென்டுக்கும் 5 வருடக் கணக்கைக் கேளுங்கள் என்பது மட்டும் அதிலிருந்து நியாயமாக வரும்.

இப்போது தல்லாகுளத்தானுக்கு. தம்பி, ரிப்போர்ட்டை எடுத்து கோனியோஸ்கோபி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த ஒரு லென்ஸைக் கருவிழி மேல் வைத்துக் கோணத்தைப் பார்க்கும் சோதனை அது. இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் திறந்த கோணத்துக்கு. நம் மக்களிடமும், சீனா உட்பட ஆசியா முழுக்கவும் மூடிய கோணக் கிளாகோமா நிறைய. அங்கே சல்லடை கெடுவதற்கு முன்பே ஐரிஸ் முன்னால் வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அந்தக் கண்ணில் ஸ்டென்டை வைத்தால் ஐரிஸே அதையும் அடைத்துவிடலாம். அவர்களில் பலருக்குக் கண்ணின் சொந்த லென்ஸை எடுப்பதே நல்ல சிகிச்சை. ஈகிள் என்ற ஆய்வு 2016-ல் லான்செட்டில் வந்தது, 419 பேர். புரை இல்லாத தெளிவான லென்ஸையே எடுத்ததும், ஐரிஸில் லேசரால் துளை போடுவதை விட நல்ல பலன் கொடுத்தது. கோணத்தைப் பார்க்காமல் பிரஷரை மட்டும் பார்த்து மருந்து எழுதுவது இன்றும் பல இடங்களில் நடக்கிறது, 30 வருடத்துக்கு மேல் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

தல்லாகுளத்தான் எழுதியது:

பார்த்தேன் சார். இரண்டு கண்ணுக்கும் 'ஓபன்' என்று எழுதியிருக்கிறது, பக்கத்தில் வட்டம் போட்டு நாலு பக்கமும் ஏதோ குறித்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கண் டாக்டர் எழுதியது:

நல்லது, அப்படியென்றால் கவனமாகப் பார்க்கிற டாக்டரிடம்தான் போயிருக்கிறீர்கள். அடுத்த கேள்வி, அப்பா ரத்தம் இளகும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

தல்லாகுளத்தான் எழுதியது:

ஆமாம், இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும். கண் டாக்டரிடம் யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற கண் டாக்டர் எழுதியது:

இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது, இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். ஏன் கேட்டேன் என்றால், காட் செய்தால் கால்வாயிலிருந்து பின்னோக்கி ரத்தம் முன்னறைக்குள் வரும். பெரும்பாலும் சில நாளில் தானாகக் கரைந்துவிடும், தலையை உயர்த்திப் படுக்கச் சொல்வோம். இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது அதிகமாகலாம், பிரஷரும் திடீரென்று ஏறலாம். அதனால் டாக்டர் முழு வட்டம் திறக்காமல் சின்னதாக ஏதாவது செய்யலாம் என்று மாற்றிக்கொள்ளக்கூடும்.

காரைக்குடி_கமலா எழுதியது:

செலவு பற்றி யாரும் பேசவில்லையே. என் கணவருக்கும் இதேதான் சொன்னார்கள். ஸ்டென்ட் வெளிநாட்டுச் சரக்கு, அதன் விலையே புரை ஆபரேஷன் செலவைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. காசு இல்லாதவர்களுக்கு என்ன வழி?

ஆப்டம்_செல்வி எழுதியது:

கமலா அக்கா, நம் ஊரில் காட் இவ்வளவு பரவியதற்கு அதுவே காரணம். 2014-ல் அமெரிக்காவில் குரோவர், ஃபெல்மன் குழுவினர் அதை எழுதியபோது விளக்கு எரியும் மெல்லிய குழாயை ஓட்டினார்கள், அது விலை அதிகம். சாதாரணத் தையல் நூலின் நுனியைச் சூட்டில் உருட்டி மழுங்கலாக்கி ஓட்டினாலும் அதே வேலை நடக்கிறது. உள்ளே எந்தப் பொருளும் தங்காது, நூலுக்கு ஆகும் செலவு மட்டும். ஊசியை வளைத்துச் சல்லடையைக் கீறித் திறக்கும் முறையும் இருக்கிறது. இதில் கையின் பழக்கம்தான் எல்லாம், அதனால் டாக்டரிடம் இதை எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

குழாய் வைத்துச் செய்யும் பெரிய ஆபரேஷனிலும் மதுரைக்காரர்களுக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. பேர்வெல்ட் என்ற வெளிநாட்டுக் குழாயின் வடிவத்தில் மதுரை அரோலேப் நிறுவனம் தயாரித்த 'ஆடி' (AADI) என்ற குழாய் 2013 முதல் கிடைக்கிறது, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டிராபெக் செய்து தோற்றுப்போன எத்தனையோ கண்கள் இன்று அதனால் பார்வையோடு இருக்கின்றன. அது மிக்ஸ் இல்லை, ஆனால் சின்ன ஆபரேஷன் போதாது என்றால் எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்_ரவி எழுதியது:

லேசரை ஏன் எல்லாரும் மறந்துவிட்டீர்கள்? லண்டனில் எனக்கு முதலிலேயே எஸ்எல்டி, அதாவது அந்தச் சல்லடையில் அடிக்கும் லேசர், செய்தார்கள், சொட்டு மருந்தே தொடங்கவில்லை. இந்த லேசரைப் பற்றிய லைட் என்ற ஆய்வை இங்கே மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரி முன்னின்று நடத்தியது, 718 பேர், 2019-ல் வெளிவந்தது. லேசரில் தொடங்கியவர்களில் 74 சதவீதம் பேர் 3 வருடம் மருந்தில்லாமல் இருந்தார்கள். 2022-ல் இங்கே அரசு வழிகாட்டியே மாறிவிட்டது, புதிதாகக் கண்டுபிடித்த பலருக்கு லேசர்தான் முதல் சிகிச்சை. வெட்டு இல்லை, உள்ளே எதுவும் வைப்பதில்லை, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பலன் குறைந்தால் இன்னொரு முறை செய்யலாம்.

கேள்விக்குறி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வலது கண்ணில் புரையை மட்டும் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் எஸ்எல்டி. உள்ளே எதுவும் வைக்காமலே முடித்துவிடலாம்.

ஆப்டம்_செல்வி எழுதியது:

நோய் புதிதாகத் தெரிந்து, மருந்து தொடங்காத, லேசான கண் என்றால் நானும் லேசர் பக்கம்தான். லைட் ஆய்வில் வந்தவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள். இவர் அப்பா இரண்டு மருந்தோடு 19-ல் நிற்கிறார், மருந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியும் புரைக்காக ஆபரேஷன் மேஜைக்குப் போகிறார், போட்ட அதே சின்னத் துளை வழியாகச் சில நிமிடம் கூடுதலாக வேலை செய்தால் போதும். இன்னொன்று, மறு கண் ஏற்கெனவே கெட்டிருக்கிறது. வாழ்நாளுக்கும் அவர் நம்பப்போவது வலது கண்ணைத்தான். அதில் ஒவ்வொரு எண்ணும் கணக்கு. சுவீடனில் நடந்த பழைய ஆய்வு ஒன்றில் பிரஷர் ஒரு எண் இறங்கினால் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைவதைக் கண்டார்கள். நான் அவர் மகளாக இருந்தால் வலது கண்ணில் சேர்த்துச் செய்யச் சொல்வேன். கேள்விக்குறி சார் சொன்ன வழியும் மருத்துவ ரீதியாகத் தவறில்லை, டாக்டர் அப்படிச் சொன்னாலும் சண்டை போடவேண்டாம்.

பழையபேட்டை எழுதியது:

சரி, வலது கண் விஷயம் புரிகிறது. இடது கண்ணுக்கு டிராபெக்கும் மிக்ஸும் இல்லாமல் நடுவில் ஒன்றுமே கிடையாதா? புதிதாக மெல்லிய குழாய் ஏதோ வந்திருக்கிறதாமே, டிராபெக் மாதிரியே வேலை செய்யுமாம், வெட்டு குறைவாம்.

ஓய்வுபெற்ற கண் டாக்டர் எழுதியது:

இருக்கிறது. ஜென் என்பது 6 மில்லிமீட்டர் ஜெலட்டின் குழாய், துளை 45 மைக்ரான். பிரிசர்ஃப்ளோ என்பது 8.5 மில்லிமீட்டர், துளை 70 மைக்ரான். இரண்டும் நீரைச் சவ்வுக்கு அடியில்தான் விடுகின்றன, டிராபெக் போலவே கொப்பளம் உண்டு, தழும்பு கட்டாமல் இருக்க மைட்டோமைசின் மருந்து தடவவேண்டும், கிருமி பயமும் உண்டு. துளை அளவு நிலையாக இருப்பதால் பிரஷர் திடீரென்று அதலபாதாளத்துக்குப் போவது குறைவு, அது நல்ல விஷயம். ஆனால் பிரிசர்ஃப்ளோவை டிராபெக்கோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வில் ஒரு வருடத்தில் வெற்றி 53.9 சதவீதம், டிராபெக் 72.7. சராசரி பிரஷர் 14.3, டிராபெக்கில் 11.1. இந்த மூன்று எண் வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்குப் பெரிதில்லை. நடுவில் மட்டும் பார்வை மிஞ்சியிருக்கும் கண்ணுக்கு நான் டிராபெக்கையே தேர்ந்தெடுப்பேன்.

முற்றிய நோய்க்கே தனியாக பிரிட்டனில் டேக்ஸ் என்ற ஆய்வு நடந்தது, 453 பேர், 2021-ல் வந்தது. முதலிலேயே டிராபெக் செய்தவர்களுக்கு இரண்டு வருடத்தில் பிரஷர் 12.4, மருந்து மட்டும் என்று இருந்தவர்களுக்கு 15.1. பாதுகாப்பில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முற்றிய கண்ணில் கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன், அரிது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு மிச்ச நரம்பையும் இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நெல்லை_அனீஸ் எழுதியது:

டாக்டர் சார், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அம்மா சிங்கப்பூரில் அக்கா வீட்டில் இருக்கிறார்கள், அங்கே அந்த ஜெலட்டின் குழாய் வைக்கலாம் என்று பேச்சு. அது எதிலிருந்து எடுத்த ஜெலட்டின்?

ஓய்வுபெற்ற கண் டாக்டர் எழுதியது:

பன்றியிலிருந்து. குளூட்டரால்டிஹைடால் பதப்படுத்தி உறுதியாக்கியது. இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடவேண்டியது டாக்டரின் கடமை என்று நினைக்கிறேன். பிரிசர்ஃப்ளோ முழுக்கச் செயற்கைப் பாலிமர், டிராபெக்கில் உள்ளே எதுவும் வைப்பதே இல்லை. அம்மாவுக்கு எது ஏற்பு என்பதை அவர்களும் நீங்களும் கலந்து முடிவு செய்து டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நெல்லை_அனீஸ் எழுதியது:

ரொம்ப நன்றி சார். அக்காவிடம் இப்போதே பேசுகிறேன்.

காரைக்குடி_கமலா எழுதியது:

மணி சார், ஸ்டென்ட் வைத்தால் பின்னால் எம்ஆர்ஐ எடுக்கலாமா?

மிசிசாகா_மணி எழுதியது:

எடுக்கலாம், டைட்டானியம்தான். சில நிபந்தனைகளோடு 3 டெஸ்லா வரை எடுக்கலாம் என்றார்கள். ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள், ஸ்கேன் எடுப்பவரிடம் அதைக் காட்டவேண்டும். எப்போதும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

தல்லாகுளத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னேன், செல்வி மேடம் எழுதிய மட்டம் கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு சந்தேகம். ஆபரேஷன் முடிந்தால் பார்வை எவ்வளவு திரும்பும்? அப்பா அதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்புறம், நான் ஊரில் இருக்கமுடியாது, அப்பா தனியாக உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறார். டிராபெக்குக்குப் பிறகு எத்தனை முறை மதுரைக்கு வரவேண்டியிருக்கும்?

ஆப்டம்_செல்வி எழுதியது:

அப்பாவிடம் இதை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். புரையால் மங்கியது திரும்பும். நரம்பு செத்ததால் போனது எந்த ஆபரேஷனாலும் திரும்பாது, ஸ்டென்டாலும் இல்லை, டிராபெக்காலும் இல்லை. வலது கண்ணில் நல்ல தெளிவு வரும் என்று எதிர்பார்க்கலாம். இடது கண்ணில் எதிர்பார்ப்பைக் குறைத்து வையுங்கள். இதைச் சொல்லாமல் கூட்டிவந்து, கட்டைப் பிரித்த பிறகு "இதுக்கா ஆபரேஷன்" என்று உடைந்துபோகிற பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

வலது கண்ணுக்கு அலைச்சல் குறைவு, புரை ஆபரேஷனுக்கு வருகிற மாதிரியே. இடது கண்தான் ஆள் கேட்கும். டிராபெக்கில் ஆபரேஷன் மேஜையில் நடப்பது பாதி, பின்னால் கவனிப்பது பாதி. முதல் சில வாரம் அடிக்கடி வரச் சொல்வார்கள். பிரஷர் ஏறினால் தையலை லேசரால் அறுத்துவிடுவார்கள், தழும்பு கட்டுகிற மாதிரி தெரிந்தால் கொப்பளத்துக்குப் பக்கத்தில் ஊசி போடுவார்கள். சரியான நாளில் அதைச் செய்யாவிட்டால் திறந்த வழி மூடிக்கொள்ளும். ஆள் இல்லை என்றால் அதை முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், உங்களுக்கு லீவு கிடைக்கும் நேரத்துக்குத் தேதி வாங்கலாம், ஆனால் 23-ல் மாதக்கணக்காகத் தள்ளவேண்டாம்.

தல்லாகுளத்தான் எழுதியது:

திருமங்கலத்தில் இருக்கும் தங்கை, முதல் இரண்டு மாதம் அப்பாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வண்டியில் கூட்டிப்போவார். அவளுக்கு என்ன சொல்லிவைக்கவேண்டும்?

பழையபேட்டை எழுதியது:

இதை நான் சொல்கிறேன். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை கட்டினாலோ, திடீரென்று மங்கினாலோ அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும். பக்கத்துக் கிளினிக் வேண்டாம், மெடிக்கலில் ட்ராப்ஸ் வேண்டாம். அப்படியே வேறு இடத்துக்குப் போக நேர்ந்தால் உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக டிராபெக் செய்த கண் என்று சொல்லச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இது இரண்டு மாதத்துக்கு மட்டும் இல்லை, தங்கையிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்கு வருடக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்து பிறகுதான் வந்தது.

ஆப்டம்_செல்வி எழுதியது:

அண்ணா சொன்னதில் ஒரு எழுத்து மாற்றவேண்டாம். கூடவே இரண்டு. கண்ணைத் தேய்க்கவே கூடாது, தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், கிணற்றுக் குளியலும் கண்மாய்க் குளியலும் இனி இல்லை. அப்புறம் தல்லாகுளத்தான், அப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கும் தங்கைக்கும் சித்தப்பாவுக்கும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். சென்னையில் நடந்த பெரிய ஆய்வில் கிளாகோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தது. தங்கை அப்பாவைக் கூட்டிவரும் அதே நாளில் அவளும் சித்தப்பாவும் பிரஷர், கோனியோஸ்கோபி, நரம்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஷார்ஜாவிலேயே பார்த்துவிடுங்கள், லீவுக்குக் காத்திருக்கவேண்டாம்.